இரண்டாவது அப்ரண்டிஸ்

மோட்டார் பேரிங் கெட்டுப்போகிறதா என்று பார்க்க இப்போது கையடக்கமாக வைப்ரேஷன் மீட்டர் வந்துவிட்டது. மேட்டூரில் ஐடிஐ ஃபிட்டர் முடித்து நான் அப்ரண்டிஸாகப் போன இடத்தில் என்னைப் பழக்கிய மூத்த ஃபிட்டருக்கு அந்த மீட்டர் மேல் பெரிய மரியாதை கிடையாது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுப்பார். முனையைப் பம்ப்பின் பேரிங் கூட்டில் ஊன்றி, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். "கிரீஸ் பத்தல" என்பார். இல்லையென்றால், "இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பார். நான் வைத்துக் கேட்டால் எல்லாமே ஒரே இரைச்சல். "கெட்ட பேரிங்க மொதல்ல தேடாத தம்பி. நல்லா ஓடுறத நாலு மாசம் கேளு. அப்புறம் கெட்டது தானா வந்து காதுல விழும்" என்று சொல்லி, என்னை நல்ல பம்ப்புகளோடு விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எங்கள் மகள் விஷயத்தில் அந்தப் பாடம் தலைகீழாக நடந்தது. அவள்தான் எங்களுக்கு முதல் குழந்தை. நல்லபடியாக இருக்கிற குழந்தை எப்படிப் பால் குடிக்கும், எப்படித் தூங்கும், மூச்சு எப்படி விடும் என்று எனக்கும் தெரியாது, என் மனைவிக்கும் தெரியாது. கண்முன்னால் இருந்ததைத்தான் குழந்தையின் இயல்பு என்று எடுத்துக்கொண்டோம்.

பால் குடிக்கும்போது பாப்பாவுக்கு நெற்றி முழுக்க வேர்க்கும். நாலு வாய் உறிஞ்சுவாள், விட்டுவிடுவாள், இரைப்பாள், அப்படியே தூங்கிப்போவாள். அரை மணி நேரத்தில் பசித்து அழுவாள். மேட்டூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் சீதா மலைப் பாறையும் அனல்மின் நிலையமும் போட்டி போட்டுக்கொண்டு காயும். அதனால் வேர்வையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பொறக்கும்போதே ஒல்லி, அவங்க அப்பன் மாதிரி" என்று அப்பாயி முடித்துவிட்டார். சளிக்குக் காட்டிய கிளினிக்கில் சளி மருந்து கொடுத்தார்கள். ஒருமுறை நிமோனியா என்று படுக்கையில் சேர்த்து, ஊசி போட்டு, சரியாகி வந்தாள். என் மனைவி மட்டும் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "வெயில்னா சரிங்க. மார்கழி காலையில, நான் போத்திக்கிட்டு உக்காந்திருக்கேன், இவளுக்கு மட்டும் ஏன் வேர்க்குது?"

இந்தக் கதையில் முதல் நோயறிதல் அதுதான் என்பேன். எக்கோ மெஷின் அதற்கப்புறம்தான் வந்தது.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு தடவை ஒரு வேன் வரும். ராஷ்டிரிய பால ஸ்வஸ்திய காரியகிரம் என்று 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம். பிறந்ததிலிருந்து 18 வயது வரை குழந்தைகளைப் பரிசோதித்து, பிறவிக் குறைகளை முன்னாலேயே கண்டுபிடிப்பதுதான் வேலை. தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 2008-ல், குழந்தைகளின் இதய அறுவைச் சிகிச்சைக்கென்று தனியாக ஒரு திட்டம் வந்திருந்தது. வேனில் வந்த டாக்டர் எடை அட்டையைப் பார்த்தார். கோடு மேலே ஏறாமல் படுத்துக் கிடந்தது. ஸ்டெதாஸ்கோப்பை இடது பக்கக் காறை எலும்புக்குக் கீழே வைத்தவர் எடுக்கவே இல்லை. அங்கன்வாடியில் மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கையை உயர்த்தி அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் கேட்டார். "ஒரு சத்தம் இருக்குங்க. சேலம் போய் எக்கோ எடுத்துடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எக்கோ எடுத்தார்கள். குழந்தை தூங்குவதற்கு மருந்து கொடுத்து, மார்பில் ஜெல் தடவி, திரையில் பார்த்தால் சிவப்பும் நீலமுமாக ரத்தம் ஓடுகிறது. ஊரில் எல்லாரும் 'இதயத்தில் ஓட்டை' என்றார்கள். எங்கள் மகளுக்கு இருந்தது ஓட்டை அல்ல, ஒரு குழாய். பிடிஏ என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

கருவில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு விடுவதில்லை. ஆக்சிஜன் தாயிடமிருந்து வருகிறது. அதனால் நுரையீரலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் பெரும்பகுதி, நுரையீரல் தமனியையும் மகாதமனியையும் இணைக்கும் ஒரு சின்னக் குழாய் வழியாக நேராக உடம்புக்குப் போய்விடும். பிறந்து முதல் மூச்சு இழுத்ததும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிறது. அந்தக் குழாயின் சுவரில் இருக்கும் தசை சுருங்கி, இரண்டு மூன்று நாளில் தானாக மூடிக்கொள்கிறது. பிறகு வெறும் நாராகிவிடும். சில குழந்தைகளுக்கு மூடுவதில்லை. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இது அதிகம். கர்ப்பத்தின் ஆரம்பத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தாலும் இப்படி ஆகலாம், அதனால்தான் "மாசமா இருந்தப்போ காய்ச்சலோட ஒடம்புல தடிப்பு ஏதாவது வந்துச்சாம்மா?" என்று என் மனைவியிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வரவில்லை. எங்கள் மகளுக்கு ஏன் என்பதற்குக் காரணம் எதுவும் அகப்படவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அகப்படுவதில்லையாம். பச்சை மிளகாய் சாப்பிட்டது, கிரகணத்தில் வெளியே போனது என்று வீட்டில் ஓடிக்கொண்டிருந்த விசாரணைக் கமிஷன் அதோடு கலைந்தது.

"ஸ்டார்ட் பண்ணும்போது பைபாஸ் லைன் திறந்திருக்கும், லோடு ஏறினதும் மூடணும். மூடாம விட்ட மாதிரியா சார்?" என்று கேட்டேன். டாக்டருக்கு அந்தக் கணக்குப் பிடித்துவிட்டது. "அதேதான். ஆனா இப்போ பிரஷர் மாறிடுச்சு. உடம்புக்குப் போற பக்கம் பிரஷர் ஜாஸ்தி, அதனால ரத்தம் திரும்ப நுரையீரலுக்கே அடிக்குது" என்றார். நுரையீரலில் ரத்தம் தேங்கினால் மூச்சு வாங்கும், சளி பிடிக்கும். ஒரே ரத்தத்தை இரண்டு தடவை தள்ளுவதால் இதயத்தின் இடது பக்கம் களைத்து வீங்கும். தின்றதெல்லாம் அந்த உழைப்புக்கே போனால் எடை எங்கே ஏறும்? பெரிய குழாயைப் பல வருடம் அப்படியே விட்டால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் தடித்து, பிறகு மூடவே முடியாத நிலைமை வந்துவிடும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

பிறகு ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டினார். எல்லாரும் சொல்லும் லப்-டப் எனக்குக் கேட்கவில்லை. இடைவெளியே இல்லாமல் ஒரு இரைச்சல், நடுவில் கொஞ்சம் உயர்ந்து தணிந்து, நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. "மெஷின் ஓடுற மாதிரி இருக்கு சார்." அவர் சிரித்துவிட்டார். எடின்பரோவில் கிப்சன் என்ற டாக்டர் 1900-ல் இந்தச் சத்தத்தை விவரித்து எழுதினாராம். பாடப் புத்தகத்தில் இதற்கு இயந்திர முரல் என்றே பெயராம். ஃபிட்டரின் பெண்ணுக்கு வந்த வியாதியைப் பாருங்கள்.

உடனே மூடிவிட முடியாது. எடை இன்னும் கொஞ்சம் ஏற வேண்டும், நுரையீரல் சளியில்லாமல் இருக்க வேண்டும். அதுவரை மருந்து. அங்கேதான் என் இரண்டாவது அப்ரண்டிஸ்ஷிப் ஆரம்பமானது. குரு ஒரு ஸ்டாஃப் நர்ஸ். அவர் எங்களை 'பாப்பா அம்மா', 'பாப்பா அப்பா' என்றுதான் கூப்பிடுவார், நாங்கள் சிஸ்டர் என்போம்.

முதல் பாடம் மூச்சு எண்ணுவது. குழந்தை தூங்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு வயிற்றைப் பார்க்க வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. நான் பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கினேன். சிஸ்டர் விடவில்லை. "கொழந்தைங்க ஒரே சீரா மூச்சு விடாதுங்க. வேகமா நாலு விடும், கொஞ்சம் நிறுத்தும். முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க அப்பா." இரண்டு மாதம் முடிந்து ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நிமிடத்துக்கு 50, ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40, அதைத் தொட்டாலோ தாண்டினாலோ வேகமான மூச்சு என்று கணக்கு. எண்ணிக்கை மட்டும் போதாது. விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுகிறதா, மூக்கு விரிகிறதா, தலை ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். அழுது முடித்த குழந்தையிடம் எண்ணக் கூடாது. காய்ச்சலில் எண்ணினால் காய்ச்சலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதெல்லாம் ஒரு கலை. ஒரு நிமிடம் முழுக்க வேறெதையும் நினைக்காமல் ஒரு வயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பது எத்தனை கஷ்டம் என்று முயன்று பார்த்தவருக்குத் தெரியும்.

இரண்டாவது, மருந்து. நீர் பிரிய வைக்கும் சிரப்பை ஊசியில்லாத சிரிஞ்சில் மில்லிக் கோட்டில் இழுக்க வேண்டும். உள்ளே காற்றுக் குமிழி இருந்தால் அளவு குறைந்துவிடும். சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து, தட்டி, குமிழியை வெளியே தள்ளி, மறுபடியும் கோட்டைப் பார்க்க வேண்டும். நாக்கின் நடுவில் பீய்ச்சினால் துப்பிவிடும். கன்னத்தின் உட்பக்கம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் விழுங்கிவிடும். வாந்தி எடுத்துவிட்டால் நாமாக இன்னொரு தடவை கொடுத்துவிடக் கூடாது, போன் பண்ணிக் கேட்க வேண்டும். வீட்டு ஸ்பூன் எந்த மருந்துக்கும் அளவு கிடையாது என்று சிஸ்டர் சொன்னதை அப்பாயி மட்டும் கடைசிவரை நம்பவில்லை.

சாப்பாட்டுப் பாடத்தை என் மனைவியே சொந்தமாகக் கற்றுக்கொண்டாள். ஒரே தடவையில் நிறையக் கொடுக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ராகிக் கூழில் நெய், இட்லியில் நல்லெண்ணெய். அங்கன்வாடித் தராசில் எடைக்கோடு மெதுவாக நிமிர்ந்தது.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். நான் கான்ட்ராக்ட் ஆள். அந்த வரம்புக்குள் இருப்பதற்குப் பெரிதாக முயற்சி எதுவும் தேவைப்படவில்லை. 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-ல் பெயர் மாறி, இன்றுவரை ஓடுகிற காப்பீடு இது. ஆட்சி மாறினாலும் நிற்காது என்று சொல்லத்தக்க திட்டங்கள் குறைவு. இது அதில் ஒன்று. கோவையில் ஒரு மருத்துவமனைக்குப் பரிந்துரைத்தார்கள்.

அங்கே சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டர் மேஜையில் ஒரு மாதிரி டிவைஸ் இருந்தது. சின்னக் காளான் போல ஒரு கம்பி வலை. நிக்கலும் டைட்டானியமும் கலந்த உலோகம், நிட்டினால். மெல்லிய குழாய்க்குள் இழுத்தால் நூலாக நீண்டு உள்ளே போய்விடுகிறது. வெளியே தள்ளினால் டக்கென்று பழைய வடிவத்துக்கு வந்துவிடுகிறது. அதன் வாலில் ஒரு மரை. கேபிளின் முனையில் அதற்கேற்ற மரை. திருகி மாட்டி, தொடை இடுக்கு வழியாக இதயத்துக்குக் கொண்டுபோய், அந்தக் குழாயில் பொருத்தி, சாய மருந்து விட்டுப் பார்த்து, சரியாக உட்கார்ந்துவிட்டது என்று நிச்சயமான பிறகுதான் கேபிளை எதிர்ப்பக்கம் சுற்றிக் கழற்றுவார்கள். அதுவரை பிடிக்கவில்லையென்றால் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளலாம். டாக்டர் அனுமதியோடு நானே ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்த்தேன். மரை அவ்வளவு சின்னது. ஆனால் மரை மரைதான். அதுவரை வயிற்றில் இருந்த பயத்தில் பாதி அந்த இடத்தில் இறங்கிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு வேலை, என் மகளுக்குள் நடக்கப்போகிறது.

இந்தக் குழாயை முதன்முதலில் வெற்றிகரமாகக் கட்டி மூடியது பாஸ்டனில், 1938 ஆகஸ்டில், ராபர்ட் கிராஸ் என்ற முப்பத்து மூன்று வயது டாக்டர். நோயாளி ஏழு வயதுச் சிறுமி. அவருடைய தலைமை மருத்துவர் விடுமுறையில் வெளியே போயிருந்த சமயம் பார்த்துச் செய்தாராம். சிறுமி பிழைத்தாள், நெடுங்காலம் வாழ்ந்தாள். மார்பைத் திறக்காமல் தொடை வழியாகவே ஒரு அடைப்பானைக் கொண்டுபோய் 1967-ல் மூடியவர் பெர்லினில் போர்ஸ்ட்மன். இந்த மரை வைத்த கம்பி வலை தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. இந்தச் சிகிச்சை நடக்கும் கேத் லேப் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் இதையெல்லாம் படித்தேன். பக்கத்தில் என் மனைவி அணைக்கட்டு முனியப்பனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் செய்தது ஒரே வேலை என்று இப்போது தோன்றுகிறது.

உள்ளே போவதற்கு முன்னால் வயிறு காலியாக இருக்க வேண்டும். கெட்டி உணவும் புட்டிப் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தம், தாய்ப்பால் நான்கு மணி நேரம், தண்ணீர் இரண்டு மணி நேரம். பசியில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வார்டு நடையில் விடியும் முன் நடந்த தகப்பன்மார் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை. "என்ன கிலோ?" என்றுதான் கேட்டுக்கொண்டோம்.

வேலை ஒரு மணி நேரம்தான். வெளியே கொண்டுவந்து ஐசியூவில் படுக்க வைத்தார்கள். தொடை இடுக்கில் அழுத்தமான கட்டு. கால் நேராக இருக்க வேண்டும், மடக்கினால் ரத்தம் கசியும், மணிக்கணக்கில் அப்படியே. ஒன்றரை வயசுப் பிள்ளையிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அங்கிருந்த சிஸ்டர் பாத நாடி பார்த்துக்கொண்டே இருந்தார். பாதத்தின் மேற்புறம், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் கை வைத்துக் கணுக்காலை நோக்கி மேலே வந்தால் நாடி தட்டுப்படும். ஊசி போட்ட காலின் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. சேலத்தில் இருந்தபோதே அதைப் பார்க்க நான் பழகியிருந்தேன். கட்டை விரலை வைக்கக் கூடாது, அதில் நம் நாடியே துடிக்கும். நடு விரல்களை லேசாக வைக்க வேண்டும். பாப்பாவின் பாதத்தில் விரலை வைத்தாலே நாடி எகிறி விரலை உதைக்கும். எனக்குத் தெரிந்த நாடி அதுதான்.

இப்போது வைத்தேன். இல்லை. இன்னொரு இடத்தில் வைத்தேன். ஏதோ மெலிதாக ஓடுவது போல இருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. "சிஸ்டர், கால்ல துடிப்பு கொறஞ்சிருச்சு!" அவர் ஓடிவந்து அந்தக் காலைத் தொட்டார், விரல் சூட்டைப் பார்த்தார், நகத்தை அழுத்தி விட்டு நிறம் திரும்புவதைப் பார்த்தார். பிறகு ஊசி போடாத காலையும் தொட்டார். என் கையைப் பிடித்து அந்தக் காலில் வைத்தார். அங்கேயும் அதே மெல்லிய துடிப்பு.

"ரெண்டு காலும் ஒண்ணுபோல இருக்கு பாத்தீங்களா? கொறையலங்க அப்பா. இதுதான் சாதாரணக் கொழந்தைக்கு இருக்குற நாடி. அந்தக் குழாய் வழியா ரத்தம் ஓடிப்போனதால பாப்பாவுக்கு நாடி அப்படி எகிறுச்சு. நீங்க இத்தனை நாள் பாத்துப் பழகுனது வியாதியோட நாடி."

அப்புறம் தன் ஸ்டெதாஸ்கோப்பைக் கொடுத்தார். இடது காறை எலும்புக்குக் கீழே வைத்தேன். இயந்திரம் நின்றிருந்தது. லப், டப். இடையில் ஒன்றுமே இல்லை. நல்ல பேரிங்கை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மறுநாள் எக்கோவில் கசிவு இல்லை என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னவை: சில வாரம் குதிக்க, விழ விடக் கூடாது; காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும்; ஆறு மாதம் வரை பல் சிகிச்சை எதுவானாலும் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டும், பல் டாக்டரிடம் டிவைஸ் கார்டைக் காட்டுங்கள். அந்தக் காலத்துக்குள் கம்பி வலையின் மேல் உடம்பின் சொந்தத் திசு படர்ந்துவிடும். கார்டு இப்போது ரேஷன் கார்டு உறையில் இருக்கிறது.

வீட்டில் வேறு விதமான தொல்லை. பாப்பா ஒரே மூச்சில் பால் குடித்தாள். ஏன் நிறுத்தவில்லை என்று எங்களுக்குக் கவலை. இரவு முழுக்கத் தூங்கினாள், நாங்கள் தூங்கவில்லை. நான் எழுந்து செல்போனில் நேரம் பார்த்து மூச்சு எண்ணுவேன். முப்பதுக்குள் வரும். தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடி எண்ணுவேன். வேர்க்காத நெற்றியை என் மனைவி துண்டால் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் அவள்தான், "ஏங்க, அந்த செல்போன எடுத்து வச்சுட்டுப் படுங்க. அவளே ஒரு நாள் முழிச்சுக்கிட்டு ஏம்பா வயித்தையே பாக்குறேன்னு கேக்கப்போறா" என்றாள். ஒருநாளில் விடவில்லை. எண்ணுவதைக் கற்றுக்கொண்டதைவிட விடுவதற்கு அதிக நாள் பிடித்தது. ஆடிப்பெருக்குக்கு அணைப் பூங்காவில் கூட்டத்துக்கு நடுவே அவள் ஓடியபோது, மூச்சு வாங்குகிறதா என்று பார்க்காமல் செருப்பைக் காணோமே என்று தேடினேன். அன்று விட்டதாக வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம் கொளத்தூர்ப் பக்கமிருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். அவர் பையனுக்கும் இதே பிடிஏ, கோவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் சொன்னதையெல்லாம் நான் திருப்பிச் சொல்லவில்லை, அது அவர்கள் வேலை. நான் சொன்னது இவ்வளவுதான்: இப்போதே பக்கத்து வீட்டில் அதே வயசுக் குழந்தை இருந்தால் அதன் பாதத்தில் நாடி பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள், அது தூங்கும்போது மூச்சையும் எண்ணிப் பாருங்கள். அங்கே போகும்போது பையனுக்குப் பிடித்த மாதிரி புது பொம்மை ஒன்று வாங்கி, கண்ணில் காட்டாமல் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். கேத் லேப்புக்குப் போகும்போது அழுவான், அப்போது கொடுத்துவிடாதீர்கள். வெளியே வந்து, காலை மடக்கக் கூடாது என்று கட்டுப் போட்டுப் படுக்க வைப்பார்கள் பாருங்கள், அப்போது எடுங்கள். சத்தம் போடுகிற பொம்மையாக இருந்தால் சிஸ்டர் திட்டுவார். டிராக்டர் நல்லது.